உங்களுக்குத் தெரியுமா? பழைய பிக்கப்பும் அதன் பிரேக்கும்

நம்பர் 1 டோல்கேட்டில் திரும்பி, மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளைத் தாண்டி, திருவெள்ளறை வழியாகத் துறையூர் போகும் சாலையில் பத்து, பதினைந்து வயதான பிக்கப்புகள் இன்னும் மாடாய் உழைக்கின்றன. போகும்போது அரிசி மூட்டை, வரும்போது பச்சமலை மரவள்ளி. இன்ஜின் ஆயில் மாற்றிய தேதியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் ஓட்டுநர்கள் உண்டு. பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று கேட்டால் மட்டும் பேச்சு மாறிவிடும். அவர்களுக்காக இந்த வாரத் துணுக்குகள்.

◆ பிரேக் ஆயில் தண்ணீர் குடிக்கும். மூடியின் மூச்சுத் துளை வழியாகவும், ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு 140 டிகிரி இருந்தால் போதும். டாட் 4-க்கு இதே கணக்கு 230, 155. வண்டி ஓடினாலும் ஷெட்டில் நின்றாலும் ஈரம் ஏறத்தான் செய்யும். அதனால்தான் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். "வண்டி அதிகம் ஓடலைங்க" என்பது இங்கே செல்லாது.

◆ ஆயில் கொதித்தால் என்ன ஆகும்? குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். நீங்கள் மிதிக்கும் மிதியெல்லாம் குமிழை நசுக்குவதிலேயே தீர்ந்துபோய், பெடல் தரையைத் தொடும். அரை மணி நேரம் ஓரமாக நிறுத்தினால் சூடு தணிந்து, குமிழ் மறைந்து, பெடல் பழையபடி நிற்கும். பட்டறைக்குப் போனால் "எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். மலையில் பிரேக் போய், கீழே வந்ததும் சரியாகிவிட்டதாகச் சொல்லப்படும் கதைகளில் பேயைத் தேட வேண்டாம். ஆயில் டப்பாவைத் திறந்து பாருங்கள்.

◆ எவ்வளவு சூடு என்று கணக்கே போடலாம். சுமையோடு சேர்த்து 2.5 டன் எடையுள்ள பிக்கப் 500 மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறங்குகிறது என்று வையுங்கள். மொத்தத்தையும் பிரேக்கே தாங்கினால், அதில் பிறக்கும் வெப்பம் சுமார் 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஒரு கல்யாண வீட்டு அண்டா! பச்சமலையிலிருந்து துறையூர்ப் பக்கம் இறங்கும் பழைய ஓட்டுநர்கள், ஏறிய கியரிலேயே இறங்கு என்று சொல்வது இதனால்தான். அந்தச் சூட்டின் பெரும்பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும்.

◆ டீசல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் உருட்டுகிறவரா நீங்கள்? பிரேக் பூஸ்டர் வேலை செய்ய வெற்றிடம் வேண்டும். டீசல் வண்டிகளில் அதை உண்டாக்கும் வேக்குவம் பம்ப் பெரும்பாலும் ஆல்டர்னேட்டரின் முதுகில் இருக்கும். இன்ஜின் நின்றால் பம்ப்பும் நின்றுபோகும். பூஸ்டரில் மிச்சமிருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான் காணும். அதற்கப்புறம் பெடல் கல்லாகிவிடும்.

பூஸ்டர் நலமா என்று வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். இன்ஜினை அணைத்து, பெடல் இறுகும்வரை நாலைந்து முறை மிதியுங்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் சரி. அசையவே இல்லையென்றால் பம்ப், ஹோஸ், பூஸ்டர் மூன்றையும் சந்தேகப்படலாம்.

◆ ஹைட்ராலிக் பிரேக்குக்கு 1917-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் மால்கம் லாக்ஹீட். ஆம், போர் விமானம் செய்யும் அதே லாக்ஹீட்; அண்ணன் தம்பிகள் சேர்ந்து தொடங்கிய கம்பெனி அது. நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக்கோடு 1921-ல் வந்த கார் டியூசன்பர்க். அந்தக் காலத்து பிரேக் ஆயிலில் ஆல்கஹாலோடு கலந்திருந்தது வேறொன்றுமில்லை, நம் விளக்கெண்ணெய்தான். அதைப் படித்துவிட்டு இன்று யாரும் விளக்கெண்ணெயை ஊற்றிவிடாதீர்கள்.

◆ அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஊற்றுவதும் கூடாது. கனிம எண்ணெய் பட்டால் பிரேக்கின் ரப்பர் வாஷர்கள் ஊதிப் பெருத்துவிடும். பிறகு மாஸ்டர் சிலிண்டர் முதல் ஹோஸ் வரை ரப்பர் உள்ள எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதுதான்.

◆ டாட் 3-யும் டாட் 4-ம் கலந்தால் குடி முழுகிவிடாது. ஊதா நிறத்தில் வரும் டாட் 5 மட்டும் சிலிக்கான் ஜாதி, அதோடு எதுவும் சேராது. டாட் 5.1 என்று பெயர் இருந்தாலும் அது டாட் 4-ன் உறவுதான். பெயர் வைத்தவரைக் கோபித்துக்கொள்ளலாம், வாங்கும்போது மட்டும் ஜாக்கிரதை. கடையில் ஏற்கெனவே திறந்து வைத்த டப்பாவிலிருந்து ஊற்றித் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது எத்தனை நாளாக ஈரம் குடித்ததோ!

◆ ஆயில் மட்டம் குறைந்தால் ஒழுகல் என்று அர்த்தமில்லை. முன் சக்கர பேட் தேயத் தேய, பிஸ்டன் வெளியே நகர்ந்து ஆயில் அங்கே போய் நிற்கும். மட்டம் சட்டென்று இறங்கினால்தான் பயப்பட வேண்டும். அப்போது பின் சக்கர டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் ரப்பர் தொப்பியை லேசாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் திருடன் அகப்பட்டான்.

◆ இனி கொஞ்சம் நின்று பேச வேண்டிய சமாச்சாரம். பல பிக்கப்புகளில் பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே கம்பியோடு ஒரு சின்ன வால்வு இருக்கும். சுமை ஏறினால் சேசிஸ் தாழும், கம்பி நகரும், பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் போகும். காலி வண்டியில் அழுத்தம் குறையும், பின் சக்கரம் இறுகிச் சறுக்காது. சுமையைத் தானே எடைபோடும் ஏற்பாடு இது.

இப்போது நாம் செய்வதைப் பாருங்கள். இன்னும் பத்து மூட்டை ஏற்றலாமே என்று பின்னால் இரண்டு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போட்டுவிடுகிறோம். சேசிஸ் தாழ மறுக்கிறது. வண்டி காலி என்று வால்வு நினைத்துக்கொள்கிறது. எந்தச் சுமைக்காகப் பட்டை போட்டோமோ, அந்தச் சுமையை நிறுத்த வேண்டிய பின் பிரேக் பாதி பலத்தில் தூங்குகிறது. முன் பிரேக் ஒற்றை ஆளாய்க் கிடந்து வேகிறது. பேட் அடிக்கடி தீர்ந்துபோவதாகப் புலம்புகிறவர்கள் ஒரு முறை பட்டையை எண்ணிப் பார்க்கலாம். நேர்மாறும் உண்டு: பட்டை தொய்ந்துபோன வண்டியில், எப்போதும் முழுச் சுமை இருப்பதாக வால்வு ஏமாறும். மழைநாளில் காலியாக வரும்போது பின்பக்கம் வழுக்கிக்கொண்டு திரும்பும். பட்டையைத் தொட்டால் அந்தக் கம்பியையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். வால்வு துருப்பிடித்து அசையாமல் நிற்பதும் பழைய வண்டிகளில் சகஜம்.

◆ திருவெள்ளறைப் பெருமாளைச் சேவிக்க உத்தராயண வாசல், தட்சிணாயன வாசல் என்று இரண்டு வழி. தை முதல் ஆனி வரை ஒன்று, ஆடி முதல் மார்கழி வரை மற்றொன்று. ஒரு வாசல் சாத்தியிருந்தாலும் தரிசனம் நிற்காது. டேண்டம் மாஸ்டர் சிலிண்டரும் அதே ஏற்பாடுதான்: ஒரு சுற்றில் குழாய் உடைந்தாலும் இன்னொரு சுற்று வண்டியைப் பிடிக்கும், தூரம் மட்டும் கூடும். மிகப் பழைய ஜீப்புகளில் ஒரே சுற்றுதான். அங்கே ஒரு ஹோஸ் போனால் நான்கு சக்கரமும் போச்சு.

◆ பிரேக் குழாயில் புகுந்த ஏர் எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ரொம்ப தூரத்தில் உள்ள சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். அமெரிக்கப் புத்தகத்தில் வலது பின் சக்கரம் என்று போட்டிருக்கும். நம் ஊரில் ஸ்டீயரிங் வலது பக்கம் என்பதால் தொடக்கம் இடது பின் சக்கரம். உங்கள் வண்டிக் கையேடு வேறு வரிசை சொன்னால் அதுவே சட்டம்.

பழைய வண்டியில் இதற்குள் ஒரு கண்ணி இருக்கிறது. தினசரி ஓட்டத்தில் பெடல் பாதி தூரம்தான் போகும். மீதிப் பாதியில் சிலிண்டர் சுவர் துருவும் கசடுமாகக் கிடக்கும். ஏர் எடுக்கிறேன் என்று பெடலைத் தரைவரை அடித்தால், ரப்பர் வாஷர் அந்தத் துருவில் உரசிக் கிழியும். "நேத்து வரைக்கும் நல்லா இருந்த சிலிண்டர், ஆயில் மாத்தினதும் போயிடுச்சு" என்ற சண்டை இங்கிருந்துதான் வருகிறது. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டு மிதித்தால் சிலிண்டரும் பிழைக்கும், மெக்கானிக் அண்ணனோடு உறவும் பிழைக்கும்.

◆ மிதித்தபடியே நிற்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே போகிறதா? வெளியே சொட்டு ஈரம்கூட இல்லையா? மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள்ளேயே ஆயிலை விடுகிறது. இரண்டு மூன்று முறை பம்ப் அடித்தால் பெடல் மேலே வருகிறதா? பின் ஷூ தளர்ந்திருக்கலாம், அல்லது காற்று புகுந்திருக்கலாம். ஒரு பக்கமாக இழுக்கிறதா? எதிர்ப்பக்க லைனிங்கில் கிரீஸோ ஆயிலோ பட்டிருக்கலாம்.

◆ ஹோஸ் வெளியே வெடிக்காமலே உள்ளே கெட்டுப்போகும். உட்சுவர் வீங்கித் துளை சுருங்கினால், மிதிக்கும்போது ஆயில் போகும், காலை எடுத்தால் திரும்பி வராது. அந்தச் சக்கரம் மட்டும் தொட முடியாத சூட்டில் இருக்கும். காலிப்பரை மாற்றச் செலவழிப்பதற்கு முன், பிளீடர் நிப்பிளைத் திறந்து பாருங்கள். ஆயில் பீய்ச்சி, சக்கரம் உடனே விடுபட்டால், அழுத்தம் சக்கரத்தருகே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். முதல் சந்தேகம் ஹோஸ்மேல்தான்.

◆ வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் துருப்பிடிக்காமல் இருக்க அடியில் டீசல் அடிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. பட்டைக்கு அது இதமோ என்னவோ, ஹோஸ் ரப்பருக்கும் பிரேக் லைனிங்குக்கும் விஷம். ஆயுத பூஜைக்குக் கழுவிய வண்டியை எடுத்ததும், மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை லேசாக அழுத்தி டிரம்மைக் காயவிட்டு, பிறகு மெயின் ரோட்டில் ஏறுங்கள்.

◆ டிரம்மிலுள்ள தூசியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதக் கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

◆ பிரேக்குக்கு நாம் சீமைக்குப் போக வேண்டியதில்லை. 1962-ல் டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, சென்னை பாடியில் இருக்கிறது.

◆ எட்டு வயதைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுக்கு ஒரு முறை எஃப்.சி. என்ற தகுதிச் சோதனை உண்டு. ஸ்ரீரங்கத்து டி.என். 48 பலகை மாட்டிய பழைய வண்டிகளுக்கும் அதே விதிதான். பெயின்ட், விளக்கு, ஸ்டிக்கர் என்று ஓடும் அந்த வாரத்திலேயே பிரேக் ஆயிலையும் மாற்றிவிட்டால் தேதி மறக்காது. மாற்றும்போது ஆயில் பெயின்ட்டில் சிந்தினால் துணியால் தேய்க்காதீர்கள். பெயின்ட் தோலோடு உரிந்து வரும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.