சடுகுடு: ஆட்டம் ஒன்று, விதி பல

நாம் சடுகுடு என்று வழங்கும் ஆட்டத்தை மராட்டியர் ஹுதுது என்றனர். வங்காளத்தார் ஹாடுடு என்றனர். பஞ்சாபியர் கபடி என்றனர். 'கபடி' என்பது 'கைபிடி' என்னும் தமிழ்ச் சொல்லின் திரிபு என்பாரும் உளர். ஒலி ஒற்றுமை மட்டும் சொல்லாராய்ச்சிக்குப் போதாதாகையால் அதனை இங்கு விட்டுவிடுவோம். பெயரைப் போலவே விதியும் நாட்டுக்கு நாடு வேறுபட்டது என்பதே நாம் காண வேண்டியது.

வேறுபாட்டின் வேர் ஒரு வினாவில் இருந்தது. தொடப்பட்டவன் என்ன ஆகிறான்? சஞ்சீவனி முறையில் அவன் களத்தைவிட்டு வெளியேறி, எதிர்க்கட்சியில் ஒருவன் ஆட்டமிழந்ததும் 'உயிர் பெற்று' மீள்வான். காமினி முறையில் போனவன் போனவனே. ஒரு கட்சி முழுதும் ஒழிந்த பின்னரே எல்லாரும் மறுபடி இறங்குவர். அமர் முறையிலோ எவரும் வெளியேறுவதில்லை. எதிர்க்கட்சிக்குப் புள்ளி மட்டும் ஏறும்.

ரந்தாவ் வட்டாரத்துக் கோலா சாவா போன்ற நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழர் ஒரே ஊரார் அல்லர். வட ஆர்க்காடு, சேலம், திருச்சி, தஞ்சை எனப் பல மாவட்டத்தார் ஒரே லயத்து வரிசைகளில் குடியிருந்தனர். எழுதிய விதி இல்லாத ஆட்டத்தில் இறங்குமுன், "எந்த முறை?" என்று இரு கட்சியாரும் பேசி முடித்துக்கொள்வதுதான் வழி. அந்தப் பேச்சே அவர்களுக்கு விதிநூல்.

ஊர் கடந்து போட்டி நடத்தும்போது இது போதவில்லை. மராட்டிய நாட்டார் சஞ்சீவனி, காமினி முறைகளை இணைத்துப் பொது விதி வகுத்தனர். 1923-இல் பரோடாவில் அகில இந்தியப் போட்டி நடந்தது. 1950-இல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு தோன்றியது. 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி பதக்க ஆட்டமாயிற்று.

விதிநூல் இருந்துவிட்டால் வேற்றுமை ஒழிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஐக்கிய அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்துக்கு மாநிலச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு ஒன்று விதிநூல் வெளியிடுகிறது. எனினும் பெரும்பாலான மாநிலங்களில் ஆட்டம் 8 நிமிடப் பகுதிகள் நான்கு. மின்னசோட்டாவிலும் விஸ்கான்சினிலும் 18 நிமிடப் பகுதிகள் இரண்டு. பந்தைப் பெற்ற கட்சி 35 விநாடிக்குள் கூடைக்கு எறிய வேண்டும் என்னும் கடிகார விதியை ஏற்பதும் விடுவதும் 2022-23 பருவம் முதல் அந்தந்த மாநிலத்தின் விருப்பம். அதற்கு முன்பே தாமாகக் கடிகாரம் வைத்த மாநிலங்கள் தேசிய விதிக் குழுவில் இடம்பெறும் உரிமையை இழந்தன! கடிகாரமும் அதனை இயக்க ஓர் ஆளும் சிறு பள்ளிகளுக்குப் பெருஞ்செலவு என்பது மறுப்போர் வாதம்.

சடுகுடுவுக்கு அந்தச் செலவு இல்லை. பாடிச் செல்பவனின் மூச்சே அதன் கடிகாரம். மூச்சு உள்ளவரை எதிர்க்களத்தில் நிற்கலாம், அறுந்தால் ஆட்டமிழந்தான். அந்த மூச்சை அளக்கத் தமிழர் சிறு சிறு பாட்டுகளைக் கட்டினர். எதிரியைச் சீண்டுவதும் தன் வீரம் கூறுவதும் அவற்றின் பொருள். ஆனால் "மூச்சு விட்டான்", "விடவில்லை" என்ற சச்சரவும் அங்கேதான் பிறந்தது. பாட்டின் சொற்களுக்கிடையே மூச்சைத் திருடுவது எளிது.

பொது விதி இதற்கு முடிவு கட்டியது. 'கபடி' என்ற ஒரு சொல்லைத்தான் தெளிவாக, விடாமல் ஒலிக்க வேண்டும். வேறு சொல்லைப் பாடினால் எதிர்க்கட்சிக்குப் புள்ளியும் பாடிச் செல்லும் முறையும் போகும். பின்னர் 30 விநாடி வரம்பும் சேர்ந்தது. களத்தின் அளவையும் ஆட்கள் எழுவர் என்பதையும் ஒன்றாக்கியது தக்கதே. அன்றேல் தோட்டத்துப் பிள்ளை தன் திடலுக்கு அப்பால் ஆட இயலாது. ஆயினும் வரம்புக் கடிகாரம் வந்த பிறகும் பாட்டை ஒரே சொல்லுக்குள் அடைத்து வைத்திருப்பது மிகை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆடும் முறை மாறினால் பழகிக்கொள்ளலாம். பாடாத பாட்டோ ஒரு தலைமுறையில் மறைந்துவிடும்.

பஞ்சாபியர் வேறு வழி கண்டனர். பொது விதிப்படி ஆடுவோருக்கு அது இருக்க, வட்டக் களத்தில் தம் பழைய முறையைத் தனி ஆட்டமாகவே வைத்துக்கொண்டனர். அதில் தொடப்பட்டவன் வெளியேறுவதில்லை. கனடாவிலும் இங்கிலாந்திலும் குடியேறியவர்கள் இன்றும் அம்முறையில் போட்டிகள் நடத்துகின்றனர். பாட்டுடன் கூடிய சடுகுடுவைக் கோவில் திருவிழா நாளில் இவ்வாறு தனியே ஆடிப் பார்க்க, சுண்ணாம்புக் கோடும் பாட்டறிந்த முதியவர் ஒருவரும் போதும்.