முழுச் சாப்பாடா, தனித்தனிப் பண்டமா?
இணையதளத்துக்கு அலங்காரம் செய்வது எப்படி?

தாம்பரம் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எத்தனை கடைகள்! ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, மிட்டாய்க்கடை! ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்ப்பலகை. ஒவ்வொரு பலகைக்கும் ஒரு நிறம்.

இந்தக் கடைகளில் பலவற்றுக்கு இப்போது இன்னொரு வாசலும் உண்டு. அது கைபேசியில் திறக்கும் வாசல். அதன் பெயர் இணையதளம்.

"அதற்குப் பெரிய படிப்பு வேண்டுமே!" என்று பயப்படாதீர்கள். எளிதாகத் தளம் அமைக்க உதவும் மென்பொருள்கள் பல இருக்கின்றன. அவற்றுள் புகழ் பெற்றது வேர்ட்பிரஸ். அமெரிக்காவின் மாட் முல்லன்வெக்கும், இங்கிலாந்தின் மைக் லிட்டிலும் 2003-ஆம் ஆண்டில் இதைத் தொடங்கினார்கள். இந்த மென்பொருளுக்கு விலை இல்லை. தளத்தின் பெயருக்கும், அதை வைக்கும் இடத்துக்கும்தான் பணம் கட்ட வேண்டும்.

தளத்தின் சட்டை

தளத்தின் தோற்றத்துக்குத் 'தீம்' என்று பெயர். இந்த வசதி 2005-இல் வந்தது.

தீம் என்பது தளம் போட்டுக்கொள்ளும் சட்டை. சட்டை மாறினால் ஆள் மாறுவானா? மாட்டான். அதுபோலத் தீம் மாறினாலும், நீங்கள் எழுதிய செய்தியும் படமும் அப்படியே இருக்கும்.

2022-ஆம் ஆண்டு மே மாதம் இன்னொரு வசதி வந்தது. 'பிளாக் தீம்' என்னும் புதுவகைத் தீம்கள் பலவற்றில், ஒரே தீமுக்குள் பல அலங்காரத் தொகுப்புகள் இருக்கும். ஒன்றைத் தொட்டால் போதும். பின்னணி நிறம், எழுத்தின் நிறம், எழுத்தின் வடிவம், பொத்தானின் உருவம் எல்லாம் ஒரே நேரத்தில் மாறிவிடும்.

இது இலை போட்டு முழுச் சாப்பாடு சாப்பிடுவது போல. எதற்கு எது பொருந்தும் என்று சமையல்காரரே பார்த்து வைத்துவிடுகிறார். நமக்குக் கவலை இல்லை.

ஆனால் ஒரு சிக்கல்!

சேலையூரில் ஓர் அம்மாள் தையற்கடை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அழகான தமிழ் எழுத்து ஒன்றைத் தளத்துக்குத் தேடிப் பிடித்து வைத்திருக்கிறார். மகளுக்கோ வேறொரு தொகுப்பின் அரக்கு நிறம் பிடிக்கிறது. தொட்டாள். அரக்கு நிறம் வந்தது. தமிழ் எழுத்து போய்விட்டது!

ஏன்? தொகுப்பு வரும்போது அதன் எழுத்தும் கூடவே வரும். நாம் செய்து வைத்த மாற்றங்களைத் தள்ளிவிட்டு அது உட்காரும். அந்த எழுத்து ஆங்கிலத்துக்கு மட்டும் செய்யப்பட்டதாக இருந்தால், கைபேசி தன்னிடம் உள்ள வேறு ஏதோ ஒரு தமிழ் எழுத்தைக் காட்டும். ஆங்கிலம் ஒரு மாதிரி, தமிழ் ஒரு மாதிரி!

இந்தக் குறை 2024 ஜூலையில் வந்த 6.6 பதிப்பில் தீர்ந்தது. நிறத்தை மட்டும் தனியே எடுக்கலாம். எழுத்தை மட்டும் தனியே எடுக்கலாம். முழுத் தொகுப்பும் வேண்டுமென்றால் அதையும் எடுக்கலாம்.

இஷ்டப்படி கலக்கலாமா?

அங்கேதான் எச்சரிக்கை வேண்டும். எழுத்தும் பின்னணியும் ஒன்றோடொன்று பளிச்சென்று வேறுபட வேண்டும். சாதாரண எழுத்துக்கு இந்த வேறுபாடு 4.5-க்கு 1 என்ற அளவுக்குக் குறையக் கூடாது என்பது உலக இணைய அமைப்பின் நெறி. வெள்ளையில் கறுப்பு எழுதினால் 21-க்கு 1. வெள்ளையில் பளீர் மஞ்சள் எழுதினாலோ 1-க்குச் சற்றே மேல். ஜி.எஸ்.டி. சாலை வெயிலில் நின்று கைபேசியைப் பார்க்கும் பெரியவருக்கு அது வெறும் வெள்ளைத் தாள்தான்!

என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஒரு முழுத் தொகுப்பை எடுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் கைபேசியில் பாருங்கள். வீட்டுப் பெரியவரைப் படிக்கச் சொல்லுங்கள். பிடிக்கவில்லையா? 2023 ஆகஸ்டு முதல், சேமித்த பழைய அலங்காரத்துக்குத் திரும்பும் வழியும் உண்டு.

ஒன்றை மறக்க வேண்டாம். தையற்கடையின் தளத்துக்கு வருகிறவர் அரக்கு நிறத்தைப் பார்க்க வரவில்லை. ரவிக்கை தைக்க என்ன கூலி, எப்போது கிடைக்கும் என்று பார்க்க வருகிறார். அது கண்ணில் படாவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்!