பொதுச் சுவரும் அண்டை உரிமையும்



ஓசூர்த் தொழிற்சாலைகளை நம்பி வந்த குடும்பங்களுள் எத்தனையோ குடும்பங்கள் முதலில் குடியேறியது ‘லைன் வீடு’களில்தான். ஒரே கூரையின் கீழ் ஐந்தாறு வீடுகள். ஒரு வீட்டுக்கும் மறு வீட்டுக்கும் இடையே ஒரே சுவர். இவ்வமைப்பை வறுமையின் அடையாளமாகவே எண்ணிப் பழகிவிட்டோம். கட்டுபவர் உள்ளம் வைத்தால் ஏழையின் வரிசை வீடும் பல நூற்றாண்டு நிலைத்து நிற்கும் என்பதற்குக் கடல் கடந்த ஊரொன்றில் சான்று உண்டு. உள்ளம் வையாவிடில் என்னாகும் என்பதற்கு நம் எல்லையருகிலேயே சான்று உண்டு.

நெசவாளர் வரிசை

இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் பகுதியில் பைபரி என்றொரு சிற்றூர். அங்கே கோல்ன் ஆற்றை ஒட்டி ‘ஆர்லிங்டன் ரோ’ என்னும் வீட்டு வரிசை நிற்கிறது. 1380 ஆம் ஆண்டளவில் கம்பளிக் கிடங்காக எழுப்பப்பட்ட கட்டடம் அது. 17 ஆம் நூற்றாண்டில் நெசவாளர் வீடுகளாகப் பிரிக்கப்பட்டது. அவர்கள் நெய்த துணியை எதிரேயுள்ள ஈரப் புல்வெளியில் மரச் சட்டங்களில் விரித்து உலர்த்தினர்.

சுவர்கள் அவ்வட்டாரத்திலேயே வெட்டியெடுத்த தேன்நிறச் சுண்ணாம்புக்கல்லால் ஆனவை. கூரை ஓடுகளும் கல்லே. கல்லோடுகளின் இடுக்கில் மழைநீர் தங்கினால் கசியும்; ஆகவே கூரையை மிகச் சரிவாக அமைத்தனர். சிறு ஓடுகளை உச்சியிலும் பெரிய ஓடுகளை இறவாரத்திலும் அடுக்கினர். நீர் பெருகி வழியும் இடத்தில் இடுக்குகள் குறைவாக இருக்கும். பெருஞ்சுமையும் சுவரின் மேலேயே இறங்கும். கூரைச் சரிவில் முக்கோண முகப்பு எழுப்பிச் சன்னல் வைத்ததால் மேலறைக்கும் வெளிச்சம் கிடைத்தது.

1929 இல் ராயல் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் அமைப்பு இவ்வரிசையை விலைக்கு வாங்கிப் பாதுகாத்தது. 1949 இல் அது நேஷனல் டிரஸ்ட் வசம் வந்தது. இன்றும் அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள்.

தங்கவயல் வரிசை

கிருஷ்ணகிரிக்கு வடக்கே, கர்நாடக எல்லைக்கு அப்பால் கோலார் தங்கவயல் உள்ளது. 1880 இல் ஜான் டெய்லர் என்னும் ஆங்கிலேய நிறுவனம் அங்கே சுரங்கப் பணியை மேற்கொண்டது. வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் திரளாகச் சென்றனர். அதிகாரிகள் தோட்டம் சூழ்ந்த பங்களாக்களில் வாழ்ந்தனர். ஊருக்கே ‘குட்டி இங்கிலாந்து’ என்று பெயர். தொழிலாளிக்குக் கிடைத்ததோ மூங்கில் தட்டியும் மண்ணும் கொண்ட குடிசை வரிசை. பின்னர் எழுந்த வரிசை வீடுகளும் பெரும்பாலும் ஓரறை அளவே. தண்ணீர்க் குழாயும் கழிப்பிடமும் பலருக்கும் பொது. 1902 இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கொண்டுவரப்பட்டது. அதுவும் சுரங்க வேலைக்காகவே.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. ஆயினும் அவ்வரிசைகளில் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன.

பைபரி நெசவாளரும் ஏழைகளே. தங்கவயல் சுரங்கத் தொழிலாளரும் ஏழைகளே. இரண்டையும் கட்டியவர் ஒரே நாட்டினர். முன்னது உறுதியான கிடங்கிலிருந்து உருவாகி, பழுது பார்க்கப்பட்டு நிலைத்தது. பின்னது, உழைப்பாளி இரவில் படுத்தெழ ஓரிடம் போதும் என்னும் கணக்கில் பிறந்தது.

சுவர் இருவருக்கும் உரியது

பொதுச் சுவரால் செலவு குறையும். இரு பக்கத்து வெயிலும் நேரே தாக்காது. ஆனால் பக்கவாட்டில் சன்னல் வைக்க இயலாது. பின்புறத்தையும் அடைத்துவிட்டால் அவ்வீட்டில் காற்றுக்கு வழியேது?

பொதுச் சுவரைப் பற்றி நம் மார்க்கம் தெளிவாகவே பேசுகிறது. அண்டை வீட்டார் தம் சுவரில் மரக்கட்டை பதிப்பதை எவரும் தடுக்கலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இது பதிவாகியுள்ளது. இது கட்டாயமா, விரும்பத்தக்கதா என்று சட்ட அறிஞர்கள் ஆராய்ந்துள்ளனர். ஒரு சுவரில் அண்டை வீட்டாருக்கு இத்தனை பங்கென்றால், காற்றிலும் வெளிச்சத்திலும் பங்கில்லையா?

சிப்காட் தொழிலாளர்களுக்காக வரிசை வீடு கட்டும் சகோதரர்களே! பின்சுவரில் ஒரு சன்னலாவது வையுங்கள். இடைச் சுவரைப் பாதியில் நிறுத்தாமல் கூரை வரை எழுப்புங்கள். ஒரு வீட்டுப் பேச்சு மறு வீட்டில் கேட்குமானால் பெண்களின் மறைவுக்குப் பொருளேது? தகரத்தின் அடியில் குழந்தைகளைக் கோடை வெயிலில் வாட விடாதீர்கள். நம் வட்டாரத்துப் பழைய வீடுகள் கற்பலகைகளால் ஆனவை. கல்லுக்கு இங்கும் பஞ்சமில்லை. வீட்டுக்கொரு கழிப்பிடம் அமையுங்கள்.

வாடகை ஹலாலான வருவாய்தான். அதைத் தரும் குடும்பம் நிம்மதியாக மூச்சுவிடும் வீட்டைக் கொடுத்து வாங்குவதே அதற்கு அழகு. நீங்கள் எழுப்பும் சுவர் உங்கள் காலத்திற்குப் பின்னும் நிற்கும். அதன் நிழலில் வாழ்பவர்கள் உங்களுக்காக துஆ செய்யும்படி கட்டுங்கள்.