கிணற்றடியில் ஒரு பெண்!

குற்றால அருவி யாரையும், "நீ யார்?" என்று கேட்பதில்லை. கிணற்றடியில் ஊரார் கேட்பார்கள்!

பைபிளில் வரும் சமாரியப் பெண், உச்சி வெயிலில் தண்ணீர் எடுக்க வந்தாள். ஐந்து கணவரைக் கண்டவள். அப்போது உடன் இருந்தவனோ கணவன் அல்ல. அவளிடம்தான் இயேசுநாதர் தண்ணீர் கேட்டார். அவள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடி, ஊரையே அழைத்து வந்தாள்.

நம் நெல்லைச் சீமையிலும் ஒருவர் இருந்தார். பாளையங்கோட்டை கிளாரிந்தா அம்மையார். மராட்டியப் பிராமண விதவை. ஆங்கில அதிகாரியுடன் மணமின்றி வாழ்ந்ததால், முதலில் ஞானஸ்நானம் மறுக்கப்பட்டது. அதிகாரி இறந்த பின், 1778-ல் சுவார்ட்ஸ் ஐயர் கொடுத்தார்.

அம்மையார் முயற்சியால் 1785-ல் கோயில் எழுந்தது. பக்கத்தில் கிணறும் வெட்டினார். "பாப்பாத்தி அம்மாள் கோயில்" என்றே மக்கள் அழைத்தனர்.

ஒரு பெண்ணின் பழங்கதையைத் தோண்டாதீர்கள். கிணறு தோண்டினால் தண்ணீராவது கிடைக்கும்!