பெரிய டிரம்மின் மேல் எழுதிய பெயர்

திருவிழாச் சப்பரத்தின் முன்னே செல்லும் பாண்டு வாத்தியக் குழுவைக் காணாத குடும்பம் நம்மில் இல்லை. சிவப்புச் சட்டை, பொன்னிறச் சரிகை, தலையில் தொப்பி. நடுவே ஒருவர் வயிற்றின்மேல் தாங்கி வரும் பெரிய டிரம். அதன் தோலின்மீது குழுவின் பெயர், ஊர், தொலைபேசி எண் மூன்றும் வட்டமாக எழுதப்பட்டிருக்கும். ஊர்வலம் கடந்தபின் வாசித்த பாட்டு மறந்துபோகலாம். அடுத்த தை மாதம் மகளுக்குத் திருமணம் வைத்திருப்பவர் அந்த எண்ணை மறப்பதில்லை. பெரிய நிறுவனங்கள் பொருள் செலவிட்டுக் கற்கும் விளம்பரப் பாடத்தை, மேலூரிலும் திருமங்கலத்திலும் உள்ள வாத்தியக்காரர் ஒரு டப்பா வண்ணத்தைக் கொண்டே நடத்தி வருகின்றனர்.

பெயரைப் பேணுதல் மதுரைக்குப் புதிதன்று. 1916-இல் இந்நகரில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதலெழுத்து மதுரையைக் குறிப்பது. இரண்டாவது, வீணைக் கலைஞரான அன்னை சண்முகவடிவைக் குறிப்பது. ஊரும் தாயும் இரண்டு எழுத்துகளாக உலகெங்கும் உடன் சென்றன. அந்நாளைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்திலிருந்து புறப்பட்ட பாவலர் வரதராசனும் அவர்தம் தம்பியரும் 'பாவலர் பிரதர்ஸ்' என்ற பெயரில் ஊர் ஊராக மேடை ஏறினர். அத்தம்பியருள் ஒருவரே பின்னாளில் இளையராஜா எனப் புகழ்பெற்றார். ஆயினும் பெயர் எப்போதும் உழைத்தவனிடமே வந்து சேர்வதில்லை. 1968-இல் வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்' திரைப்படத்தில் நாகசுரம் ஏந்தி நின்றவர் சிவாஜி கணேசன். ஒலித்ததோ மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் மூச்சு. கண்ட முகத்தை அறிந்தோர் எத்தனை பேர், கேட்ட மூச்சை அறிந்தோர் எத்தனை பேர்?

இக்கேள்வியை இப்போது எழுப்பக் காரணம் உண்டு. நம் பங்குகளில் கிறிஸ்து பிறப்புக் காலத்தில் வீடு வீடாகப் பாடிவந்த இளைஞர் சிலர், கீபோர்டும் கிதாரும் பறையும் சேர்த்து இசைக்குழுவாக அமைந்து, பாட்டைக் கைப்பேசியில் படம்பிடித்து யூடியூபில் ஏற்றுகின்றனர். "இதனால் என்ன வரும்?" எனப் பெற்றோர் நம்மிடம் கேட்கின்றனர். வந்தவர்களின் கதையைப் பார்ப்போம்.

2011 நவம்பரில் 'கொலவெறி' பாட்டு முன்னதாகவே களவாய் வெளியேறிவிட, ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடுவதையே காட்சியாக்கி முறைப்படி வெளியிட்டனர். அரங்க அலங்காரம் இல்லை. பாடுவோரும் சிரிப்போருமே இருந்தனர். அது உலகைச் சுற்றியது. அதே ஆண்டில் ஆதி, ஜீவா என்னும் இரு இளைஞர் 'ஹிப்ஹாப் தமிழா' என்ற பெயரில் தம் பாட்டுகளை இணையத்தில் பரப்பினர். பின்னர்த் திரைப்படங்களுக்கு இசையமைத்தபோதும் அப்பெயரை விடவில்லை. நம் அலங்காநல்லூர் வாடிவாசலை நினைவூட்டும் சல்லிக்கட்டுப் பாட்டும் அப்பெயரிலேயே 2016-இல் வந்தது. 2018 சனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதல் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர், கானாவும் பறையும் ராப்பும் கலந்து பாடியோர், ஒரே சாம்பல் நிற உடையில் நின்றனர். பத்தொன்பது பேர் ஒரே முகமாய்த் தெரிந்தது அவ்வுடையால்தான். நம் பாண்டுக்காரரின் சிவப்புச் சட்டைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

அடுத்த கதையைச் சற்று நின்று கேட்க வேண்டும். 2021 மார்ச் 7-இல் 'எஞ்சாய் எஞ்சாமி' வெளியாயிற்று. அறிவு எழுதித் தீயுடன் பாடினார். இசை சந்தோஷ் நாராயணன். இதுவரை 40 கோடி முறைக்கும் மேலாக அது பார்க்கப்பட்டுள்ளது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஓர் இசை இதழின் அட்டையில் தீயும் மற்றொரு பாடகரும் இடம்பெற, பாட்டை எழுதிய அறிவின் முகம் அங்கே இல்லாதது பெரும் விவாதமாயிற்று. 2024-இல் சந்தோஷ் நாராயணன், அப்பாட்டால் தமக்கு ஒரு காசும் வரவில்லை என வெளிப்படையாகவே கூறினார். வெளியிட்டோர் வேறுவிதமாக விளக்கினர். வழக்கில் தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. பாட்டு ஏறிய சேனல் பாடியவர் கையில் இருக்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

ஆதலால் இளைஞரிடம் நாம் முதலில் கேட்பது, "கேமரா எது?" என்பதன்று, "சேனல் யார் பெயரில்?" என்பதே. ஆயிரம் சந்தாதாரரும், ஓராண்டில் நாலாயிரம் மணி நேரப் பார்வையும் சேர்ந்தால் விளம்பர வருவாய்க்கு விண்ணப்பிக்கலாம். அதுவும் பாட்டு சொந்தமாயிருந்தால்தான். திரைப்பட மெட்டில் பிறப்புவிழாப் பாடல் கட்டுவது நம்மவர்க்குப் பழகிப்போன சோம்பல். யூடியூபின் கணினி அம்மெட்டைக் கண்டுகொண்டால் வருவாய் மெட்டுக்கு உரியவரைச் சேரும், சில வேளை காட்சியே முடக்கப்படும்.

பெரிய நிறுவனம் ஒன்று அணுகினால் மகிழ்ச்சியே. கையொப்பமிடுமுன் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை ஒருவர் படித்துச் சொல்லட்டும். உரிமையை மாற்றுவது எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிக்கப்படாவிடில் 5 ஆண்டு என்றும், எல்லை குறிக்கப்படாவிடில் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். 2012-இன் திருத்தத்திற்குப்பின், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தமக்குரிய உரிமத்தொகைப் பங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்திற்கோ அன்றிப் பிறருக்கு எழுதிக்கொடுத்தாலும் அது செல்லாது. இவ்வளவு தெரிந்தால் போதும், பாதி ஏமாற்றம் குறையும்.

மற்றவை எளியவை. பெயரை ஆங்கிலத்தில் ஓரிடத்தில் ஒருவிதமாகவும் வேறிடத்தில் வேறுவிதமாகவும் எழுதினால் தேடுவோர் திகைப்பர். படமும் எழுத்தும் நிறமும் எங்கும் ஒன்றாகவே இருக்கட்டும். மண்டபத்து ஒலிபெருக்கியைக் கைப்பேசியில் பிடித்தால் இரைச்சலே மிஞ்சும். ஒலியைத் தனியே பதிந்து காட்சியோடு சேர்ப்பது நன்று.

மதுரைக்கு வடக்கே நாம் அறிந்த குழு ஒன்று உண்டு. எழுவர், மூன்றாண்டு உழைப்பு. சேனலை அவர்களுள் ஒருவன் தன் மின்னஞ்சலில் திறந்திருந்தான். வளைகுடா நாட்டில் வேலை கிடைத்துச் சென்றவன் கைப்பேசி எண்ணை மாற்றினான், கடவுச்சொல்லும் மறந்துபோயிற்று. பகை ஏதுமில்லை, ஆயினும் கதவு பூட்டிக்கொண்டது. பாட்டுகள் அங்கேயே இருக்கின்றன, ஒவ்வொன்றின் கீழும் அந்தப் பழைய எண். கல்யாணக் கச்சேரிக்கு அழைப்போர் இன்றும் அதற்கே பேசுகின்றனர். அவ்வெண் இப்போது வாடிப்பட்டியில் நெல் வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவரிடம் இருக்கிறது. தொடக்கத்தில் அவர் எரிந்து விழுந்தார். பிள்ளைகள் நேரில் சென்று நிலைமையைச் சொன்னபின், அவர்களுடைய புதிய எண்ணைக் கேட்டு வாங்கிக் கடைச் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறாராம். அழைப்போருக்கு அதைப் பார்த்துப் படித்துச் சொல்கிறார்.