பிளஸ் டூ எகனாமிக்ஸ் இப்போ படிச்சா என்ன லாபம்? சம்பளக்காரங்களுக்கு ஒரு இலவச ஆன்லைன் வகுப்பு



பிளஸ் டூவில் சயின்ஸ் குரூப் எடுத்தவரா நீங்க? அப்படின்னா பொருளியலையும் குடிமையியலையும் நீங்க கடைசியா தொட்டது பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தில்தான். அதுவும் பரீட்சை முடிஞ்ச அன்னிக்கே மறந்திருக்கும். அதுக்கப்புறம் இன்ஜினியரிங், கேம்பஸ், வேலை, சம்பளம், ஹோம் லோன்னு வாழ்க்கை ஓடிடுச்சு.

இப்போ மறுபடியும் பள்ளிப் பாடமான்னு கேக்கலாம். முதல்ல இந்தக் கணக்கைப் பாருங்க.

வட்டி ஏறினா உங்க லோனுக்கு என்ன ஆகும்?

2022 தொடக்கத்தில் ஒருத்தர் 30 லட்சம் ரூபாய் ஹோம் லோன் எடுக்கிறார். வட்டி 7%, காலம் 20 வருஷம், மாத இஎம்ஐ 23,259 ரூபாய். அந்த வருஷம் மே மாதம் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை உயர்த்த ஆரம்பிச்சது. 4%-ல் இருந்தது, 2023 பிப்ரவரியில் 6.5% ஆச்சு. அதாவது 2.5 புள்ளி ஏற்றம். லோன் ரெப்போவோடு இணைந்ததுன்னா 7% வட்டி 9.5% ஆகிடும்.

வட்டி படிப்படியாத்தான் ஏறியது. கணக்கு எளிமையா இருக்க, ஒரே நாளில் ஏறியதா வைச்சுப்போம். 30 லட்சத்துக்கு 9.5%-ல் ஒரு மாத வட்டி மட்டும் 23,750 ரூபாய். இவர் கட்டுவதோ 23,259. மாசா மாசம் ஒழுங்கா கட்டியும் கடன் 491 ரூபாய் கூடுது! இதே கடனை 20 வருஷத்தில் முடிக்கணும்னா இஎம்ஐ 27,964 ஆகணும்.

"இஎம்ஐ மாறலையே, அப்புறம் என்ன கவலை"ன்னு பலர் இருந்தது இங்கதான். இஎம்ஐ அப்படியே இருக்கும், பின்னாடி லோன் காலம் மட்டும் நீண்டுட்டே போகும். இந்தப் பிரச்னைக்காகத்தான் ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட்டில் ஒரு சுற்றறிக்கை விட்டது. வட்டி மாறும்போது இஎம்ஐயைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, ரெண்டையும் கலந்து செய்வதா என்று வாடிக்கையாளருக்கு வாய்ப்பு தரணும். காலத்தை நீட்டுவதால், வட்டியே கட்டி முடியாமல் அசல் ஏறும் நிலை வரக்கூடாது. இதுதான் அதோட சாரம். இது தெரிஞ்சவர் வங்கியில் போய் கேட்பார். தெரியாதவர் கையெழுத்து போட்டுட்டு வருவார்.

ரெப்போன்னா என்ன, அதை யார் முடிவு பண்றாங்க, அது ஏன் ஏறுது? இதுக்கெல்லாம் பதில் பிளஸ் டூ பொருளியல் புத்தகத்தில் பணம், வங்கி பற்றிய பாடங்களில் இருக்கு.

எங்கே படிக்கலாம்?

காசு கொடுத்து எந்தக் கோர்ஸும் வாங்க வேண்டாம்.

1. ஸ்வயம் தளம்: மத்திய அரசு 2017-ல் தொடங்கிய ஆன்லைன் கல்வித் தளம். தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பள்ளிப் பாடங்களும் இங்க இருக்கு. மேல்நிலைப் பொருளியலின் பாட எண் 318, அரசியல் அறிவியல் 317. சேர்ந்து படிக்கக் கட்டணம் கிடையாது.
2. தமிழ்நாடு அரசுப் பாடநூல்கள்: தமிழிலும் ஆங்கிலத்திலும் பிடிஎஃப் இலவசம். பிளஸ் ஒன் பொருளியல் நுண்ணினப் பொருளியலில் தொடங்கும், பிளஸ் டூவில் பேரினப் பொருளியல். நம்ம வேலைக்கு பிளஸ் டூ புத்தகம்தான் முதல்ல.
3. என்சிஇஆர்டி புத்தகங்கள்: அரசமைப்பு பற்றிய 11-ஆம் வகுப்பு அரசியல் அறிவியல் புத்தகம் ரொம்பத் தெளிவா இருக்கும்.
4. கான் அகாடமி: தேவை, அளிப்பு, பணவீக்கம் எல்லாம் ஆங்கில வீடியோவா வேணும்னா நல்லது. ஆனா அதில் இருக்கும் 'அரசாங்கம்' பாடம் அமெரிக்காவைப் பற்றியது, நமக்கு அது வேண்டாம்.

சர்டிஃபிகேட் தேவையில்லைன்னா பரீட்சையும் எழுத வேண்டாம். புரிஞ்சா போதும்.

பொருளியல்: மூணு விஷயம் மட்டும் பிடிங்க

*பண வருமானம், உண்மை வருமானம்.* 8% ஹைக் வந்துச்சுன்னு பார்ட்டி கொடுக்கறோம். விலைவாசி 6% ஏறியிருந்தா உங்க வாங்கும் சக்தி கூடியது சுமார் 1.9% தான். எஃப்டியிலும் இதே கதை. 7% வட்டி, நீங்க 20% வரி வரம்பு, செஸ் சேர்த்து 20.8%. கையில் நிக்கறது 5.5% சொச்சம். பணவீக்கம் 6%-ன்னா பணம் பத்திரமா இருக்கு, ஆனா சுருங்குது.

*வாய்ப்புச் செலவு.* ஒண்ணைத் தேர்ந்தெடுத்தா இன்னொண்ணை இழக்கறோம். 14% வட்டியில் பர்சனல் லோனை வைச்சுக்கிட்டு 7% எஃப்டியில் பணம் போடறவர், 7% சம்பாதிக்கலை. வருஷா வருஷம் 7% இழக்கிறார். அவசரத்துக்கு வேண்டிய தொகையை ஒதுக்கிட்டு, மீதியில் லோனை அடைக்கறதுதான் இந்தப் பாடம் சொல்லும் வழி.

*பணக் கொள்கை.* 2016 சட்டத் திருத்தப்படி அமைந்த ஆறு பேர் குழு ரெப்போவை முடிவு பண்ணுது. மூணு பேர் ரிசர்வ் வங்கி, மூணு பேர் மத்திய அரசு நியமிப்பவர்கள். பணவீக்கத்தை 4%-ல் வைக்கணும், மேலயும் கீழயும் 2% வரை போகலாம் என்பது இலக்கு. பணவீக்கம் 6%-ஐத் தாண்டி நிக்குதுன்னு செய்தி வந்தா, இஎம்ஐ ஏற வாய்ப்பு அதிகம்னு நீங்களே யூகிக்கலாம். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி ஹோம் லோன்கள் இப்படி வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டிருக்கு. வீட்டு வசதி நிதி நிறுவனங்களுக்கு இந்த விதி கிடையாது. அங்க லோன் எடுத்தவங்க ஒப்பந்தத்தை ஒருமுறை படிச்சிடுங்க.

அரசாங்கம்: இது ஏன் பணப் பாடம்?

2016 பிப்ரவரி 29 பட்ஜெட் ஞாபகம் இருக்கா? இபிஎஃப் பணத்தை எடுக்கும்போது, அந்த ஏப்ரலுக்குப் பிறகு சேரும் தொகையில் 60%-க்கு வரி என்று ஒரு அறிவிப்பு. சம்பளக்காரங்க கொதிச்சுப் போனாங்க. மார்ச் 8-ஆம் தேதி அதை வாபஸ் வாங்கிட்டாங்க. எப்படி? பட்ஜெட் உரை சட்டம் இல்லை. அது முன்மொழிவு. நிதி மசோதா நிறைவேறி, குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைச்சாதான் அது முழுச் சட்டம். சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் வரி இல்லை என்று அரசமைப்பின் 265-ஆவது பிரிவே சொல்லுது.

இது தெரிஞ்சா, பட்ஜெட் அன்னிக்கு சாயங்காலமே போன் போட்டு "சார், ரூல் மாறிடுச்சு, இன்னிக்கே இந்த பாலிசி எடுங்க"ன்னு சொல்றவர்கிட்ட ரெண்டு வாரம் டைம் கேட்பீங்க.

சம்பளச் சீட்டையும் எடுங்க. வருமான வரி மத்திய அரசு விதிப்பது. தொழில் வரி தமிழ்நாட்டில் உங்க மாநகராட்சி, நகராட்சி போன்ற உள்ளாட்சிக்குப் போகுது, அரையாண்டுக்கு ஒருமுறை. 276-ஆவது பிரிவுப்படி ஒரு வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் பிடிக்க முடியாது. உங்களுக்கு அதிகமா பிடிச்சிருந்தா ஹெச்ஆர்கிட்ட கேளுங்க. அப்படியே, வீட்டு முன்னாடி தெருவிளக்கு எரியலைன்னா யாரைக் கேக்கணும்னும் தெரிஞ்சிடும்.

எட்டு வாரத் திட்டம்

தினமும் அரை மணி நேரம், வாரம் 5 நாள். மொத்தம் 20 மணி நேரம்தான்.

- வாரம் 1, 2: தேசிய வருமானம், விலைவாசி
- வாரம் 3, 4: பணம், வங்கி, ரிசர்வ் வங்கி
- வாரம் 5: அரசு பட்ஜெட், வரி, பற்றாக்குறை
- வாரம் 6, 7: நாடாளுமன்றம், மத்திய மாநில அதிகாரப் பங்கீடு
- வாரம் 8: உள்ளாட்சி, அப்புறம் ஒரு ரிவிஷன்

ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டுப்பாடம்: படிச்சதை உங்க சம்பளச் சீட்டு, லோன் ஸ்டேட்மென்ட், எஃப்டி ரசீது, ஏதாவது ஒண்ணோட பொருத்திப் பாருங்க. புத்தகத்தில் இருக்கும் வட்டி விகிதங்கள் பழசா இருக்கும். தற்போதைய எண்ணை ரிசர்வ் வங்கி இணையதளத்தில் பாருங்க.

ஒண்ணை மட்டும் சொல்லிடறேன். எந்த மியூச்சுவல் ஃபண்ட் வாங்கணும், எந்தப் பங்கு ஏறும்னு இந்தப் பாடம் சொல்லாது. ஆனா அப்படிச் சொல்றவங்க பேச்சில் எது சரக்கு, எது சவடால்னு பிரிச்சுப் பார்க்கக் கத்துக் கொடுக்கும்.

ஹோம் லோன் இருக்கறவங்க வீட்டுப்பாடத்தை இன்னிக்கே ஆரம்பிக்கலாம். லோன் ஸ்டேட்மென்ட்டை எடுத்து, மீதி எத்தனை மாசம்னு பாருங்க. லோன் எடுத்தப்போ போட்ட கணக்குப்படி எத்தனை இருக்கணுமோ, அதைவிட அதிகமா இருந்தா, நாளைக்கே வங்கிக்கு ஒரு மெயில் போடுங்க.

அடுத்த பதிவில் சந்திப்போம்!