பழைய காருக்குப் புது றேடியேற்றர் வேண்டுமா?

வடக்கில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் கார்களில் ஒன்று கொதிக்கத் தொடங்கினால், கொழும்பிலிருந்து அலுமினிய றேடியேற்றர் எடுப்பித்துப் பூட்டிவிடுங்கள் என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். செலவு ஒருமுறை, தலையிடி இல்லை என்பது அவர்கள் கணக்கு. ஏ 32 வீதிப் பக்கம், பூநகரிப் பிரிவிலுள்ள ஜெயபுரம் போன்ற ஊர்களில் அந்தக் கணக்குப் பிழைக்கும். இங்கே பழைய செப்பு, பித்தளை றேடியேற்றரைத் திருத்திப் பாவிப்பதே புத்தி. இதற்கு முதற் காரணம் இந்தப் பக்கத்துத் தண்ணீர்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் பூநகரி, மன்னார்க் கரையோரமாகவும் நீள்கிறது. அந்தக் கல்லுக்குள் ஊறிய கிணற்று நீரில் கல்சியம் அதிகம். கடலேரிக்குக் கிட்டப் போகப்போக உப்பும் சேரும். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் பிடிக்கும் படிவுதான் றேடியேற்றரின் ஒடுங்கிய குழாய்களுக்குள்ளும் பிடிக்கிறது. மெல்லிய படிவென்றாலும் சூடு வெளியேறாமல் தடுக்க அது போதும். இந்த அடைப்பு எந்த உலோகத்துக்கும் வரும். உப்பு விஷயம் வேறு. அலுமினியத்தைக் காப்பது அதன் மேலுள்ள மெல்லிய ஒட்சைட்டுப் படலம். குளோரைட்டு அதை ஊசிமுனைத் துளைகளாக அரிக்கும். போதாக்குறைக்கு, இந்தக் கார்களின் எஞ்சின் வார்ப்பிரும்பு. இரும்பும் அலுமினியமும் ஒரே உப்புத் தண்ணீரில் நின்றால் அரிப்பு அலுமினியத்தைத்தான் முதலில் தின்னும். துருத்தடுப்புக் கூலன்ட் எப்போதும் இருந்தால் இதைத் தவிர்க்கலாம். ஆனால் வழியில் தண்ணீர் குறைந்தால் பக்கத்து வளவுக் கிணற்றில் ஒரு வாளி அள்ளி ஊற்றுவதுதான் நடைமுறை.

இரண்டாவது காரணம் திருத்துகிற வசதி. பழைய றேடியேற்றரின் மேல் தொட்டி, கீழ்த் தொட்டி, நடுக்கூடு எல்லாம் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றினால் இணைந்தவை. அந்தப் பற்று ஏறக்குறைய 200 பாகையில் உருகத் தொடங்கும். காஸ் தீயும் கைப்பழக்கமும் இருந்தால் கழற்றலாம், திரும்ப ஒட்டலாம். வாய்களை அடைத்து, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினால் குமிழி வரும் இடமே ஓட்டை. குழாய் அடைபட்டிருந்தால் மேல் தொட்டியைக் கழற்றி ஒவ்வொன்றுக்குள்ளும் மெல்லிய தட்டைக் கம்பி விட்டுச் சுரண்டுவார்கள். கூடே உக்கியிருந்தால் தொட்டிகளை வைத்துக்கொண்டு கூட்டை மட்டும் புதிதாகப் போடலாம். அலுமினியம் அப்படியல்ல. அதைப் பற்றவைக்க 600 பாகையளவு சூட்டுக்கு உலை வேண்டும். பிளாஸ்ரிக் தொட்டி வைத்து மடித்ததென்றால் வெடித்த அன்றே அது பழைய இரும்புக்காரனுக்குத்தான்.

அலுமினியம்தானே நன்றாகக் குளிர்விக்கும் என்பார்கள். உலோகமாகப் பார்த்தால் செம்புதான் சூட்டை விரைவாகக் கடத்தும், ஒன்றரை மடங்குக்கு மேல். ஆனாலும் அலுமினியத்தில் அகலமான குழாய் வைக்கலாம், பாரமும் குறைவு. நெரிசலில் நின்று நின்று ஓடும் காருக்கு அது உண்மையான அனுகூலம். மைனரின் 1098 சிசி எஞ்சினுக்கு அவ்வளவு தேவையில்லை. வடக்கின் மீதிருந்த 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் இதே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெயில் எஞ்சின் தட்டும், சூடும் ஏறும். அதையும் அந்தச் செப்புக் கூடுகள் தாங்கின. அன்று வேகமாக ஓட ரோட்டும் இருக்கவில்லை என்பதால் இதை முழுச் சாட்சியாகக் கொள்ள மாட்டேன். பற்றை உருக்கும்போது எழும் ஈயப்புகை கூடாது என்ற ஆட்சேபம் வலுவானது: திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று செய்ய வேண்டிய வேலை, பிள்ளைகளைக் கிட்ட விடக்கூடாது.

திருத்தக் கொடுக்க முன்னர், குற்றம் உண்மையில் றேடியேற்றருடையதுதானா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் கட்டையின் பக்கத்தில் ஒரு சிறு வடிகால் திருகு உண்டு. அதைத் திறந்தும் தண்ணீர் வராவிட்டால் உள்ளே துருச்சேறு இறுகியிருக்கிறது. கம்பியால் குத்திக் கழுவாமல் எந்த றேடியேற்றர் போட்டாலும் கொதிக்கும். மூடியையும் பாருங்கள். இந்தக் கார்களுக்குப் பெரும்பாலும் உரியது சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அளவான அமுக்கம்; அந்தளவுக்கே நீரின் கொதிநிலை ஏறக்குறைய 110 பாகைக்கு உயரும். இன்னும் உயரட்டுமென்று 13 இறாத்தல் மூடியைப் போட்டால் பழைய பற்று பிரியக்கூடும். ஒழுக்கை நிறுத்த மஞ்சள் தூள் போடுகிற வைத்தியம் வீடு வந்துசேர உதவும். அது ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைக்காது.

திருத்திய பிறகு கிணற்றுத் தண்ணீரைக் கிட்டவும் எடுக்காதீர்கள். மாரி மழையில் முதல் மழை கழுவிப்போன பின் கூரையிலிருந்து பிடித்த நீர் போதும், இல்லையென்றால் பற்றரித் தண்ணீர். அதனுடன் பழைய வகைக் கூலன்ட் சேர்க்கலாம். புதிய கார்களுக்கென்று வரும் நீண்டகாலக் கூலன்ட்களில் சில ஈயப்பற்றுக்கு ஒத்துவராதவை, போத்தலில் செம்பு, பித்தளைக்கு உகந்ததென்று எழுதியிருக்கிறதா என்று வாசித்து வாங்குங்கள். வெளிக்கிடும்போது டிக்கியில் அந்தத் தண்ணீரில் ஒரு கலன் கிடக்கட்டும்.